பி.பி. கூடிய கதை

சாந்தன்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை பாக்டரியில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் நான். இன்று காலை டிஸ்பென்சரி கம்பவுண்டர் கைப்பிடி சுற்றும் போனில் கூப்பிட்டு, "பி.பி. ரொம்பக் கூடியிருக்கு சார், உடனே குறைக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்களுக்கு பி.பி. என்றால் புரோக்கன் பீக்கோ, ஒரு தூள் ரகம். சலிக்கும் மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

கிளார்க் சூசை, "அவரு ரத்தக்கொதிப்பல்லா சொல்லுதாரு சார்" என்றார்.

"பாக்டரிக்குள்ள பி.பி.க்கு ஒரே அர்த்தந்தான்வே!" என்று கத்தினேன்.

சண்டை முற்றியபோது கம்பவுண்டரே மூச்சிரைக்க வந்துவிட்டார்.

"நான் போன்ல சொன்னது நேத்து பாத்த உங்க பி.பி.ய சார்! மாத்திரைக்கு ஏன் இன்னும் வரல?"

அங்கேயே மறுபடி பார்த்தார். கத்தியதில் இன்னும் கூடியிருந்தது.

இப்போது மெஷின் ஓடுகிறது, எனக்கு உப்பை நிறுத்தியாகிவிட்டது. உப்பில்லாத மீன்குழம்பைச் சாப்பிட வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுருக்காமல், முழு வார்த்தையில்.