எறும்புக்கு இன்னொரு பேர்

என் வீட்டுக்காரர் குத்துச்சண்டை சாம்பியன் ஒன்றும் இல்லை. கோராட் நகரில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் இள வயதில் அவர் சண்டை வளையத்துக்குள் ஏறும் அழகு இருக்கிறதே, அடடா! நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

கூப்பிடும் பேர் மொட். எங்கள் பாஷையில் எறும்பு என்று அர்த்தம். வளையத்தில் சாய்ஃபா, அதாவது மின்னல். ஒன்பது வயதிலேயே பயிற்சிக்கூடத்துக்கு வந்து, கோயில் திருவிழாக்களில் காலாலும் முழங்காலாலும் சண்டை போட்டு வளர்ந்தவர். வரும் பணத்தில் பாதியைக் கூடத்து முதலாளி எடுத்துக்கொள்வார்.

என் அம்மா சந்தையில் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்து விற்றாள். அவள் வாய் அதைவிடக் காரம்.

"சூதாடிப் பசங்க கத்துறதுக்காக மூக்கை உடைச்சுக்கிறவனுக்கு என் பொண்ணைக் குடுக்கணுமா? அமெச்சூர்ல ஜெயிச்சு ராணுவத்துல சேரச் சொல்லுடி. யூனிஃபார்மோட வரட்டும், பேசலாம்!"

அமெச்சூர் குத்துச்சண்டையில் கை மட்டும்தான். உதைத்தால் தப்பு. பரிசுப் பணமும் கிடையாது. ஆனால் ராணுவ அணியில் இடம் கிடைத்தால் ஆயுசுக்கும் அரசாங்க வேலை. மொட் அதற்காக மாதக்கணக்கில் காலைக் கட்டிப்போட்டுப் பழகினார். ராணுவக்காரர்கள் ஆள் தேர்ந்தெடுக்க வரும் போட்டிக்கு அம்மாவும் வந்தாள், "தோத்தா நேர்ல பாத்துச் சிரிக்கணும்" என்று.

அரங்கில் ஒரே கூச்சல். சிவப்பு பனியன், காதை மூடிய தலைக்கவசத்தோடு மொட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கி, "சிவப்பு மூலை, புன்லுவா சூங்னென்!" என்றது. யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள்.

"யாருண்ணே அது? தூங்கிட்டானா?" என்று மொட் பயிற்சியாளரைக் கேட்டார். அவரும் சாய்ஃபா என்ற பேருக்காகத்தான் காத்திருந்தார். அமெச்சூரில் அடையாள அட்டைப் பேரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அந்தப் பேரால் அவரை யார் கூப்பிட்டார்கள்? வராவிட்டால் எதிராளிக்கே வெற்றி என்று நடுவர் கையைத் தூக்கப் போனார்.

அம்மா பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "அடேய் மொட்! நீதான்டா புன்லுவா! உன்னைத்தான்டா கூப்பிடுறான், ஓடுடா எருமை!"

ஓடினார். பழக்க தோஷத்தில், திருவிழாச் சண்டைக்கு முன் செய்வதுபோல, கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டபடி வளையத்தைச் சுற்றி வர ஆரம்பித்தார். நடுவர் பனியனைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. எதிராளி கடற்படைப் பையன், தொட்டுத் தொட்டுப் புள்ளி சேர்த்தான். மொட் விலாவில் இடி மாதிரிக் குத்தினார். அது புள்ளி போடுகிறவர்கள் கண்ணிலேயே படவில்லை. கடைசிச் சுற்றில் முழங்கால் தானாக எழும்பியது, புள்ளி போனது. தோற்றார்.

வெளியே மரத்தடியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "எல்லாம் போச்சு கெங்" என்றார் என்னிடம். "இனி உங்கம்மா முகத்துல எப்படி முழிப்பேன்?" எனக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா வந்து நின்றாள்.

"வந்துட்டியா? சிரிச்சுக்கோ!" என்று கத்தினேன்.

அவள் சிரிக்கவில்லை. "எந்திரிடா, சாப்பிடப் போகலாம். முகத்தைக் கழுவு" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "ஏம்மா, எனக்கே தெரியாத பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா வேறு பக்கம் பார்த்தாள். "போன மாசம் கோயில் பிக்குகிட்ட கல்யாணத்துக்கு நாள் பாக்கப் போனேன். மாப்பிள்ளை பேரு எறும்புன்னா சொல்ல முடியும்?"