பதினான்காம் கேள்விக்கு ஒரே பதில்

எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்டாலும், காய்ச்சலில் கிடந்தாலும்கூட, "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். அந்தப் பழக்கம்தான் உஸ்தா பயூமியின் தலையில் மண்ணைப் போட்டது. கூடவே என் அதிகப்பிரசங்கித்தனமும்.

கஃபர் நஜ்லா குடிநீர் நிலையத்தில் பயூமிக்கு இருபத்தோரு வருட வேலை. காகிதத்தில் அவர் கிடங்கு உதவியாளர். ஆனால் பம்பு நின்றால் அவர்தான் வரவேண்டும். கால்வாயில் தண்ணீர் இறங்கினால் எந்த வால்வை எத்தனை சுற்று திறப்பது, மின்சார ஆபீசில் யாரைப் பிடிப்பது, கோபித்துக்கொண்டு போன குளோரின் லாரிக்காரனை எப்படிச் சமாதானப்படுத்துவது, எல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் தொழில் கைவந்த மேஸ்திரி என்ற அர்த்தத்தில் அவரை உஸ்தா என்று கூப்பிடுவோம். பராமரிப்புத் தலைவர் நாற்காலியில் இருந்தவன் டைரக்டரின் மச்சான் தல்அத். மாதத்தில் நாலு நாள் கண்ணில் பட்டால் அதிசயம். வேலை உத்தரவைப் பயூமி எழுதுவார், தல்அத் கையெழுத்துப் போடுவான்.

பயூமிக்கு இருந்தது ஒரே ஆசை. ஓய்வு பெறுவதற்குள் அந்த நாற்காலி கிடைக்க வேண்டும், தன் கையெழுத்தின் மேல் அரசாங்கத்தின் கழுகு முத்திரை விழ வேண்டும்.

அப்போதுதான் கெய்ரோவிலிருந்து டாக்டர் நெர்மீன் தன் குழுவோடு வந்தாள். நிலையத்தை மாற்றியமைக்கப் போகிறார்களாம். அதற்கு முன் அது எப்படி இயங்குகிறது என்று நாடி பார்க்க வேண்டுமாம். எழுபத்து நாலு பேருக்கும் முப்பது கேள்வி கொண்ட தாளைக் கொடுத்தாள்.

"பேர் போட வேணாம். உள்ளதை உள்ளபடி எழுதுங்க. அப்பத்தான் எங்க கோளாறுன்னு எங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"வீட்டுச் சங்கதியைத் தெருவுல போடச் சொல்றாளா?" என்று என் பக்கத்தில் இருந்த ஹம்தான் முணுமுணுத்தான். வடிகட்டித் தொட்டியில் என்னோடு வேலை பார்ப்பவன். "டைரக்டர் எப்படி? நல்லவரு. கருவியெல்லாம் போதுமா? போதும். முடிஞ்சுது, ஆளை விடு."

எல்லோரும் அப்படியே எழுதினோம். நானும்தான். முந்தின நாள் அறுந்த சங்கிலியைக் கம்பியால் கட்டிவிட்டு வந்த அதே கையால் "கருவிகள் போதுமானவை" என்று எழுதினேன். வெளியாளிடம் குறை சொல்வது மரியாதை இல்லையே!

பதினான்காம் கேள்வி: வேலை சிக்கிக்கொண்டால் யாரிடம் போவீர்கள்? அதைப் பார்த்ததும் எனக்கு மூளை வேலை செய்தது. தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன், தேநீர் நேரத்தில் தொட்டி தொட்டியாக ஏறி இறங்கினேன். "பதினாலுக்கு மட்டும் உஸ்தா பேரை எழுதுங்கடா. கெய்ரோக்காரங்க பார்க்கட்டும். நாற்காலி தன்னால வரும்."

"வேணாம்டா இஸ்ஸத், கண்ணு பட்டுடும்" என்றார் பயூமி. சொன்னாரே தவிர, முடிவு வாசிக்கிற அன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். தல்அத்தும் அன்று பார்த்து வந்திருந்தான்.

"உங்க நிலையம் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு" என்று ஆரம்பித்தாள் நெர்மீன். "நிர்வாகம், கருவி, தகவல் தொடர்பு, எதுலயும் குறை இல்ல. இருந்தும் பம்பு மாசத்துக்கு எட்டு தடவை நிக்குது. ஏன்னு தேடினோம். ஒரே ஒரு இடத்துலதான் அடைப்பு. எல்லா வேலையும் ஒரே ஆள்கிட்ட போய் நிக்குது. அறுபத்தொரு பேர் அவர் பேரைத்தான் எழுதியிருக்காங்க. அவர் அந்தப் பொறுப்புலயே இல்ல."

பயூமி எழுந்து நின்றார். "டாக்டர், நான் எதையும் பிடிச்சு வெச்சுக்கல. என்னைத் தேடி வர்றாங்க, செய்யறேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள்.

டைரக்டர் கூரையைப் பார்த்தார். நாங்கள் அறுபத்தொரு பேரும் தரையைப் பார்த்தோம். எழுந்து "எழுதினதெல்லாம் பொய்" என்று சொல்ல ஒருவனுக்கும் துப்பில்லை. எனக்கும் இல்லை. அவளைக் குறை சொல்லி என்ன? நாங்கள் கொடுத்த காகிதத்தைத்தானே படித்தாள். ஒரு நாள் பம்பு அறைக்குள் கால் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். காலணி அழுக்காகிவிடும் என்று வரவில்லை போலும்.

அடுத்த வாரம் கழுகு முத்திரை விழுந்தது, பயூமியின் மாற்றல் உத்தரவில். ஏரிக்கரையில் ஒரு துணை நிலையம், ஒற்றைக் காவலாளி வேலை. வேலை விஷயமாக யாரும் அவரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று கடைசி வரியில் இருந்தது. பம்பு இப்போது மாதத்துக்குப் பதினைந்து தடவை நிற்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை.

"உஸ்தா, நாங்க நல்லதுக்குத்தான்..."

"தெரியும்டா. அறுபத்தொரு பேர்னு சொன்னாள்ல? அப்ப பதிமூணு பேர் என் பேரை எழுதல."

"ஆமா உஸ்தா. நன்றி கெட்டவனுங்க."

"யார் யாருன்னு தெரியுமா?"

"கேட்டுச் சொல்றேன். என்ன செய்யணும் அவனுங்கள?"

"ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போய் நெத்தியில முத்தம் வைக்கணும்" என்றார் பயூமி. "இவ்வளவு பேர்ல அவங்கதான் எனக்குக் கெடுதல் பண்ணல."

கொய்யாப்பழத்தை வாங்காமலே கதவைச் சாத்தினார்.