அலாஸ்காவில் என் பெயர் மட்டும் இறங்கியது

அன்றைக்கு மஜ்லிஸ் என்கிற வரவேற்பறையில் இருந்தவர்கள் நாலரைப் பேர். பாபா, அதாவது நான் பதினோரு வருடமாகக் கார் ஓட்டும் ஷார்ஜா வீட்டின் முதலாளி. அவர் மனைவி, நாங்கள் மேடம் என்போம். சமையல் பார்க்கும் நஸீமா அக்கா, இலங்கைக் காத்தான்குடிக்காரர். நான். மீதி அரை ஆள் பாபாவின் மகன் காலித். அபுதாபியில் இருந்துகொண்டு ஸ்பீக்கர் போனில் பேசியதால் அரை என்று வைத்திருக்கிறேன். வெளியே மே மாத வெயில், நாற்பத்து நான்கு டிகிரி. ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடியும். உள்ளே ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, கம்பளிக் கையுறை இரண்டு ஜோடி போதுமா, மூன்று வேண்டுமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். காலித் தன் தாய் தகப்பனுக்கு ஜூலை மாதத்தில் அலாஸ்கா கப்பல் பயணம் எடுத்துக் கொடுத்திருந்தான். ஏழு நாள். டிக்கெட் முடிந்தது. ஆனால் கப்பல் நிற்கிற ஊர்களில் இறங்கி எதைப் பார்ப்பது என்று இப்போதே முடிவு செய்து, தனியாகக் காசு கட்ட வேண்டுமாம். அதற்கு ஷோர் எக்ஸ்கர்ஷன் என்று பெயர்.

"ஏன் தம்பி, கப்பல்ல போறதே ஊர் பாக்கத்தானே? பிறகு என்னத்துக்கு இறங்கிப் போய் வேற காசு குடுத்துப் பாக்கிற?" என்று நஸீமா அக்கா என் காதில் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். அதற்குள் பாபா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் பேசுவது பாதி அரபி, பாதி இந்தி. தமிழில் எழுதினால் இப்படி வரும்: "இதை ராஜூ பார்த்துக்கொள்வான். அவன் பயந்த ஆள். பயந்த ஆளுக்குத்தான் எல்லா விவரமும் தெரியும். கலாஸ், முடிந்தது."

பாபா சொன்னது பொய்யில்லை. விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் போய் நிற்பவன் நான். டயரில் காற்று இருக்கிறதா என்று காலையில் பார்த்துவிட்டு, பார்த்தேனா என்று மறுபடி பார்ப்பவன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அலாஸ்கா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் இந்த வேலைக்குத் தேவைப்பட்டது பூகோளம் இல்லை, கவலை. அதில் எனக்கு நல்ல அனுபவம்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கவலையும் இருந்தது. வீட்டு டிரைவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். முதலாளி குடும்பம் வெளிநாடு போனால்தான் எனக்கு லீவு. அவர்கள் பயணம் ரத்தானால் என் பயணமும் ரத்து. என் தங்கை மலரின் மகள் யாழினிக்குக் காது குத்த இரண்டு தடவை நாள் பார்த்து, இரண்டு தடவையும் தாய்மாமன் மடி ஊருக்கு வந்து சேரவில்லை. முதல் தடவை மேடத்துக்கு முழங்கால் வலி. இரண்டாவது தடவை குற்றவாளி நானே. லண்டனில் நடந்து போகிறவர்கள் கையிலிருந்தே போனைப் பறிக்கிறார்களாம் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, சும்மா இருக்க மாட்டாமல் காரில் மேடத்திடம் சொன்னேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். மறுநாள் லண்டன் ரத்து.

இப்போது பிள்ளைக்கு ஆறு வயது. "அண்ணே, எங்க அத்தை முடிவாச் சொல்லிட்டாக" என்று மலர் போனில் சொன்னாள். "இந்த ஆனி தாண்டுச்சுன்னா சரவணன் மடியிலதானாம். பள்ளிக்கூடத்துல வேற ஆம்பளப்புள்ள காதுன்னு கேலி பண்றாளுகளாம், அழுதுக்கிட்டு வருது." சரவணன் எங்கள் சித்தப்பா மகன். எப்போதும் ஊரில் இருப்பான். அது ஒன்றுதான் அவனுடைய தகுதி. ஆனால் அந்தத் தகுதி என்னிடம் இல்லையே.

ஆகவே அலாஸ்கா நடக்க வேண்டும். நான் எதைக் கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது.

மேடத்தை ஆஸ்பத்திரியிலும் மாலிலும் இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் பார்க்கிங்கில் உட்கார்ந்து அலாஸ்கா வீடியோ பார்த்தேன். மூன்று நாளில் என் போனுக்கே குளிர் வந்து, கம்பளி உள்ளாடை விளம்பரமாகக் காட்ட ஆரம்பித்தது. எனக்கு விளங்கிய கப்பல் வாழ்க்கை இது: ஓர் அறைக்கு இரண்டு பேர். சாப்பாட்டுக்கு மெஸ். ஏறிய அன்றே ஃபயர் டிரில். வெளியே போகும்போது அட்டையைத் தேய்க்க வேண்டும், உள்ளே வரும்போதும் தேய்க்க வேண்டும். சொன்ன மணிக்குள் திரும்பாவிட்டால் கதவு மூடிவிடும். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் ஷார்ஜா தொழில்பேட்டை கேம்பில் இரண்டு வருடம் இதே வாழ்க்கையைத்தான் வாழ்ந்தேன். எங்களுக்கு அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். இவர்கள் காசு கட்டி வாழப் போகிறார்கள். எங்கள் ஜன்னலில் கடல் தெரியாது, டயர் குடோன் தெரியும்.

என் தூக்கத்தைக் கெடுத்தது இன்னொரு விதி. கப்பல்காரர்களே நடத்தும் டூரில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளி ஆளிடம் பதிவு செய்துகொண்டு போனால் காத்திருக்காது, கிளம்பிவிடும். கம்பெனி பஸ்ஸுக்கும் கள்ள டாக்சிக்கும் உள்ள வித்தியாசம்தான். எல்லாவற்றையும் கம்பெனி பஸ்ஸிலேயே போடுவது என்று முடிவெடுத்தேன். ஸ்காக்வே என்ற ஊரில் மலை ரயில். ரயில் போகும், அதே ரயில் வரும். உடனே பிடித்துப்போயிற்று. கெட்சிகன் என்ற ஊரில் மேடம் கரடி பார்க்க ஆசைப்பட்டார். அதற்கு மட்டும் விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. கரடி காட்டுகிறவர்களின் எண்ணுக்கே போன் போட்டேன்.

எடுத்தது ஒரு பெண். குட் மார்னிங் என்றாள். என் கைக்கடிகாரத்தில் இரவு எட்டு. அங்கே காலை எட்டு. ஷார்ஜாவுக்கும் அலாஸ்காவுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம், முள்ளைத் திருப்பவே வேண்டாம்.

"மேடம், பியர் கேரண்டி?" என்று கேட்டேன். கரடி பக்கத்தில் வராது என்பதற்கு உத்தரவாதம் உண்டா என்பது என் கேள்வி.

அவள் அன்பாகச் சிரித்தாள். காட்டு மிருகத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்றாள். என் குரல் வாடியதைக் கேட்டு, "கவலைப்படாதீர்கள் சார், இந்த சீசனில் கரடி வராத நாளே இல்லை" என்று ஆறுதல் சொன்னாள்.

"எவ்வளவு தூரத்தில்?"

"சில நாள் இருபது அடிக்கே வந்துவிடும்!"

"நடுவில் வேலி?"

"வேலியெல்லாம் கிடையாது சார், போட்டோ தெளிவாக விழும்."

என்னை மகிழ்விக்க அவள் பட்ட பாடு எனக்குப் புரிந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் காரில் மேடம் கேட்டார். "ராஜூ, கரடி எப்படி?"

"நல்ல கரடி, மேடம்."

"கடிக்காதே?"

"மாஃபி முஷ்கில், பிரச்சினையே இல்லை." பதினோரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

வாயைத்தான் மூடினேன், முகத்தை மூடவில்லை. காரின் கண்ணாடியில் மேடம் அதைப் பார்த்துவிட்டார். அன்று மாலை பாபா கூப்பிட்டனுப்பினார். "நீயும் எங்களோடு அலாஸ்கா வா. நீ பக்கத்தில் இருந்தால் கரடி வருவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே உனக்குத் தெரிந்துவிடும்."

பாடுபட்டுத் திட்டம் போட்டவனுக்குப் பரிசு! நஸீமா அக்கா சமையலறை வாசலில் மடக்கினார். "அமெரிக்காவுக்குப் போற ராசி எல்லாருக்கும் வருமா? நீங்க என்னண்டா மையித்து வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறியள்." மையித்து என்றால் அவர்கள் பேச்சில் பிணம்.

துணிந்து போய் பாபாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தங்கை மகள், காது குத்தணும், என் மடியில் உட்கார்ந்தால்தான் குத்துவார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "மாலில் ஐந்து நிமிடத்தில் குத்துகிறார்களே, காசு நான் தருகிறேன்" என்றார். காசு பிரச்சினை இல்லை பாபா, மடி என்றேன். "ஊரில் நாற்காலி இல்லையா?" என்றார். கேலியாக இல்லை, ஒரு நாற்காலி அனுப்பிவைக்கலாமா என்று யோசிக்கிற முகம். அந்த நல்ல மனதுக்கு முன்னால் தாய்மாமன் என்றால் என்ன என்பதை இந்தியில் சொல்ல என்னால் முடியவில்லை.

காப்பாற்றியது விசா வரிசைதான். எனக்குக் கிடைத்த முதல் நேர்காணல் தேதி, கப்பல் போய்த் திரும்பி மாதங்கள் கழித்து. ஒரு வரிசை நீளமாக இருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமி கும்பிட்டேன். லீவு உறுதியானது. டிக்கெட் போட்டேன்.

மீதி இருந்தது ஜூனோ என்ற ஊரின் திமிங்கிலம். கப்பல் டூர் நிரம்பிவிட்டது. வெளி ஆளிடம் ஒரே படகில் இரண்டு இடம் காலி. பத்து நிமிடத்துக்குள் பணம் கட்ட வேண்டும். பாபாவின் கார்டைப் போட்டால் ஓடிபி அவர் போனுக்குப் போகும். பாபாவோ மதியத் தூக்கத்தில். அந்தத் தூக்கத்தைக் கலைக்கும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. திமிங்கிலம் இல்லையென்றால் எதற்குப் போகணும் என்று மேடம் காலையில்தான் சொல்லியிருந்தார். நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. என் கார்டைப் போட்டேன். யாழினியின் கம்மலுக்கு வைத்திருந்த பணம். வங்கி பிடித்ததும் சேர்த்து ஆயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து திர்ஹம். சாயங்காலம் பாபாவிடம் சொன்னேன். "நல்லது செய்தாய், பிறகு பார்ப்போம்" என்றார். எல்லா ஊருக்கும் மணி, பஸ், கழிப்பறை என்று பதினான்கு பக்கம் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

நான் கிளம்பும்போது பாபா ஒரு கவர் கொடுத்தார். உள்ளே ஐந்நூறு திர்ஹம்.

ஆனி மாதத்து நல்ல நாள், காலை ஏழே முக்கால். அய்யனார் கோயில் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். மடியில் மாலையோடு யாழினி. தட்டில் கம்மல், நினைத்ததில் பாதி எடை. மலரின் மாமியார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துபாய் மாமன் கம்மல் எங்கடி? கண்ணாடிய எடுத்தா, தேடிப் பாக்கலாம்." பாதியை ஒரு திமிங்கிலம் விழுங்கிவிட்டது என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? ஆசாரி ஊசியை எடுத்தார். சட்டைப்பையில் போன் அடித்தது.

என் இரண்டு கையும் பிள்ளையின் தலையில். மலர் எடுத்து என் காதில் வைத்தாள். பாபா ஜூனோவிலிருந்து கத்தினார். "ராஜூ! பஸ் கிளம்பப் போகிறது. பட்டியலில் எங்கள் பெயர் இல்லையாம். இங்கே ஒரு பெண் ராஜேந்திரன், ராஜேந்திரன் என்று பலகையைத் தூக்கிக்கொண்டு கத்துகிறாள். உன் தாளிலும் ராஜேந்திரன் என்று இருக்கிறது. அது படகுக் கம்பெனியின் பெயர் என்று நினைத்தோம்!"

"பாபா, அது நான்தான்."

"யார்?"

"ராஜேந்திரன். என் பெயர்."

"நீ ராஜூ" என்றார்.

"ராஜூவும் நான்தான் பாபா. இப்போது நீங்கள்தான் ராஜேந்திரன். யல்லா, கையைத் தூக்குங்கள்!"

தூரத்தில் பாபாவின் குரல் கேட்டது. "யெஸ்! யெஸ்! ஐயாம் ராஜேந்திரன்!" அந்த நேரம் பார்த்து ஆசாரி குத்திவிட்டார். யாழினி வீறிட்டாள்.

"என்ன சத்தம்?"

"காது, பாபா."

"மப்ரூக்" என்று வாழ்த்திவிட்டு வைத்தார்.

"அண்ணே, மடியில புள்ள, காதுல அரபி" என்றான் சரவணன். "யாருக்குக் காது குத்துனாகன்னே தெரியல." கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மடி என்னுடையதாக இருந்தது, அது போதும்.

ஷார்ஜா விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய அன்று பலகை பலகையாக என் பெயரைத் தேடியது ஞாபகம் வந்தது. எந்தப் பலகையிலும் இல்லை. கம்பெனி பெயர் எழுதிய அட்டைக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தி, ஏழாவது ஆள் என்று எண்ணிக்கொண்டார்கள். இந்த வீட்டுக்கு வந்ததும் ராஜூ ஆனேன், சொல்ல வசதியாக. என் முழுப் பெயரையும் ஓர் அந்நிய மண்ணில் பலகையில் எழுதி, உரக்கக் கூப்பிட்டு, பஸ்ஸையும் நிறுத்தி வைத்துக் காத்திருந்தது அலாஸ்கா ஒன்றுதான். அங்கே நான் போகவில்லை.

கறிச்சோற்றுப் பந்தியில் உட்கார்ந்தும் சோறு இறங்கவில்லை. அது வெளி ஆள் டூர் அல்லவா, கப்பல் காத்திருக்காது. "மணி என்னண்ணே?" என்று மலர் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஒன்பதரை" என்றேன். "பதினொன்னு ஆச்சு!" என்றாள். லீவில் வந்தும் நான் முள்ளைத் திருப்பவில்லை. அந்த மணி ஷார்ஜாவுக்குச் சரி, அலாஸ்காவுக்கும் சரி. நான் உட்கார்ந்திருந்த பந்திக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடியது.

கொஞ்ச நேரத்தில் போட்டோ வந்தது. கப்பலில் ஏறிவிட்டார்களாம். ஒரு படத்தில் கறுப்பாக ஏதோ வால். இன்னொன்றில் கம்பளித் தொப்பியோடு பாபாவும் மேடமும், நடுவில் என் பெயர்ப் பலகை. அதைத்தான் இப்போது மஜ்லிஸில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பாபா விருந்தாளிகளிடம் அதைக் காட்டி, "இவன்தான் ராஜேந்திரன்" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்துகிறார். பிறகு, "ராஜூ, டீ" என்கிறார்.

அந்தக் கவரில் இருந்த ஐந்நூறு, லீவுக்குக் கொடுத்த அன்பளிப்பா, திமிங்கிலத்துக்குக் கொடுத்த முதல் தவணையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்கத் தைரியமில்லை. தவணை என்றே வைத்துக்கொண்டால், ராஜேந்திரனுக்கு இன்னும் வர வேண்டியது ஆயிரத்து இருநூற்று முப்பத்தைந்து திர்ஹம்.