கிள்ளானில் தங்கிப்போன அரை மணி நேரம்

1999 நவம்பர் 6, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. கிள்ளானில் கனத்த மழை. மறுநாள் தீபாவளி.

சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றின் மூன்றாம் மாடியில் நான் மட்டும் கணினி முன் உட்கார்ந்திருந்தேன். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தமிழர்கள் நாங்கள் வேலையைப் பார்த்துக்கொள்வோம். தீபாவளிக்கு மலாய்க்காரர்களும் சீனர்களும் எங்களுக்காக உட்காருவார்கள். அதுதான் அலுவலக வழக்கம். அந்த வருடம் தீபாவளிக்கு முந்தின நாள் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மனைவி இறந்துபோய் மூன்றாவது தீபாவளி. வீட்டில் இருந்தால் அடுத்தவர் வீட்டு எண்ணெய்ச் சட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரே கவலை, மாலை ஏழு மணி. லண்டனில் படித்துக்கொண்டிருந்த மகள் சனிக்கிழமைதோறும் அந்த நேரத்தில், அங்கே தெருமுனையில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குக் கூப்பிடுவாள். திருப்பிக் கூப்பிட என்னிடம் எண் கிடையாது. தவறினால் அடுத்த சனிக்கிழமைதான். ஐந்தே கால் ரயிலைப் பிடித்துவிட்டால் போதும்.

லோரிகளுக்கான கேட் பாஸ் அச்சிடும் நிரல் ஓர் அப்ளிகேஷன் சர்வரில் ஓடியது. புத்தாயிரம் பிறப்பதற்கு முன் அதற்கு ஒரு அப்டேட் போட வேண்டும் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். காலையில் போட்டேன். சர்வர் எழுந்துகொண்டது. ஆனால் அதை நிறுத்தவும், அதில் நிரலை ஏற்றவும் கறுப்புத் திரையில் நாம் தட்டும் கட்டளைகள் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. எதைத் தட்டினாலும் ஒரே பதில்: அனுமதி காலாவதியாகிவிட்டது. நிரலை ஏற்றாவிட்டால் இரவு வரும் லோரிகள் கேட்டிலேயே நிற்கும்.

கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். பழைய பதிப்பின் கட்டளைகள் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று தேடினேன். இல்லை. மூன்று மணிக்கு, விற்ற கம்பெனியின் எஞ்சினியரைக் கைத்தொலைபேசியில் பிடித்தேன். தமிழ்ப் பையன்தான். பின்னணியில் ஹாரன் சத்தம்.

"அங்கிள், இன்னிக்குமா வேலை? வீட்டுல அத்தை ஏசலையா?"

"அத வுடுப்பா. எந்தக் கமாண்டும் எடுக்க மாட்டேங்குது."

"எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க லா. நான் இங்க ஜாம்ல மாட்டிக்கிட்டு கெடக்கேன். கடை மூடுறதுக்குள்ள சட்டை வாங்கணும்."

அழித்தேன். மறுபடி ஏற்றினேன். அது முடிய நாலே முக்கால் தாண்டிவிட்டது. தட்டினேன். காலாவதி.

கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தேன். ஒவ்வொரு கட்டளையும் நேரம் குறித்த ஓர் அனுமதிச் சீட்டைச் சர்வருக்கு அனுப்பும்; அதில் இருந்த நேரம் 4.21. என் கைக்கடிகாரத்தில் 4.51. சர்வரும் 4.51 என்றே காட்டியது. பத்து நிமிடத்துக்கு மேல் பழசான சீட்டைச் சர்வர் ஏற்காது. இதுவோ பிறக்கும்போதே அரை மணி பழசு.

அந்த அரை மணியை எனக்குத் தெரியும். 1982 பிறந்தபோது மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோம். எங்கள் வீட்டில் என் மனைவிதான் நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினாள். "அரை மணி தூக்கம் போச்சு. யாருகிட்ட போயி கேக்கிறது?" என்றாள். ஐந்து வயது மகள் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்டேட்டோடு வந்த, கட்டளைகள் மணி பார்க்கும் ஊர்களின் நேரப் பட்டியலைத் திறந்தேன். உலகத்தில் எங்கேயோ உட்கார்ந்து அதை எழுதியவர், கோலாலம்பூருக்கு அந்தப் பழைய நேரத்தையே போட்டிருந்தார்.

ஒரு வரிதான். திருத்தினேன். கட்டளைகள் கீழ்ப்படிந்தன. "கண்டுபிடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஏர்கோன் மட்டும் குளிர்காற்றை ஊதிக்கொண்டிருந்தது. யாரோ எனக்காக வைத்துவிட்டுப் போன நெய் உருண்டை டப்பா மேசையில் மூடியபடியே கிடந்தது.

நிரலை ஏற்றி, ஒரு கேட் பாஸ் அச்சிட்டு, கேட் மேற்பார்வையாளருக்குப் போனில் சொல்லி முடித்தபோது ஆறு மணி. ரயிலில் போனால் ஏழரை ஆகும். வாழ்நாளில் முதல் முறையாகக் கிள்ளானிலிருந்து டாக்ஸி பிடித்தேன்.

"ஏழுக்குள்ள போயிடலாமா, அண்ணே?"

"மழை, தீபாவளி, ஹைவே. மூணும் சேர்ந்திருக்கு, பாஸ். சாமிய கும்புட்டுக்குங்க," என்றார் ஓட்டுநர்.

வீட்டு வாசலில் இறங்கும்போது ஏழு இருபத்தைந்து. சாவியை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பெண் முறுக்குத் தட்டோடு வேலியருகே வந்தாள்.

"எங்க போனீங்க அங்கிள்? போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு லா. மூணு தடவ. நான் ஓடிவந்து கதவகூட தட்டுனேன்."

"கடைசியா எப்ப அடிச்சுச்சு?"

"இப்பத்தான். ஒரு பத்து நிமிசம் இருக்கும்."

தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஈரச் சட்டையை மாற்றாமல் தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். குளிரில் மகள் நாலாவது முறையும் நின்றிருப்பாளா, காசு தீர்ந்திருக்குமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிவரை அது அடிக்கவில்லை. தெருவில் பட்டாசு மட்டும் வெடித்தது.

டாக்ஸிக்கு நாற்பது வெள்ளி, ஹைவே டோலுக்கு இரண்டு. மொத்தம் நாற்பத்திரண்டு வெள்ளி.