கோட்டுக்கு அந்தப் பக்கம்

குணேஸ்வரி எனக்குப் பழக்கமானதே இந்தியப் படகுகளால்தான். நான் ஜவாஹிர், திருகோணமலை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கடலில் மீன் பிடித்ததாக நாகப்பட்டினத்து ஆட்களைப் பிடித்து வழக்குக்குக் கொண்டுவருகிற நாட்களில், சிறைச்சாலை பஸ் வருவதற்கு முன்னரே அவள் வந்துவிடுவாள். தன் ஊரான இலங்கைத்துறையிலிருந்து முதல் பஸ் பிடித்திருப்பாள். என் கடையில் பணிஸும் வாழைப்பழமும் வாங்கி, காவலுக்கு நிற்பவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, விலங்கு போட்ட அந்த மனிதர்களுக்குக் கொடுப்பாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"லோஜினி எண்டு பேர் எழுதின நீல வள்ளம் ஒண்டைக் கடலில கண்டனீங்களோ அண்ணை?"

லோஜினி அவளுடைய மகள். அந்தப் பெயரைப் படகில் எழுதியவன் சிவரூபன், அவளுடைய புருசன். ஏழு வருடங்களுக்கு முன்னர், தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலத்தில், தனியாகக் கடலுக்குப் போனான். வழக்கமாகக் கூடப் போகிற தம்பி தர்சனுக்கு அன்று காய்ச்சல். எஞ்சின் நின்றுவிட்டது, நீரோட்டம் வடக்கே இழுக்கிறது என்று போனில் சொன்னான். அதன் பிறகு போன் எடுபடவில்லை. இங்கே கேட்டால், எல்லைக்கோட்டைத் தாண்டியிருப்பான், இந்தியாவில் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டதற்கு, அப்படி ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை என்று பதில் வந்தது. எந்த அறையில், எந்தக் கதிரையில் சாய்ந்துகொண்டு அந்தக் கோட்டைக் கீறினார்களோ தெரியாது. கச்சதீவு யாருக்கு என்று இன்றைக்கும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். சிவரூபன் எங்கே என்று கேட்க இவள் ஒருத்திதான்.

"செத்திட்டார் எண்டு தெரிஞ்சால் அழுது முடிச்சிடுவன் நானா," என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். "காத்தில கதவு அடிச்சாலும் எழும்பிப் போய்ப் பார்க்கிறன். அவர் வந்து நிக்கிற மாதிரியே கிடக்கு."

ஊரில் அவளுக்கு நல்ல ஏச்சு. இந்திய இழுவைப் படகுகள் அறுத்த வலையைத் தைத்தே பாதிச் சீவியம் போகிற ஊர் அது. தர்சனுக்குத்தான் கோபம் அதிகம். "எங்கட வயித்தில அடிக்கிறவங்களுக்கு நீங்கள் பணிஸ் தீத்துறீங்கள், என்ன அண்ணி?" என்று முகத்துக்கு நேரே கேட்பான். அடுத்த வழக்கு நாளிலும் அவள் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

போன வருடம் வந்த ஆட்களில் நாகமுத்து என்று ஒரு பெரியவர் இருந்தார். நானும் அன்று வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன். குணேஸ்வரி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நீட்டிய பணிஸை வாங்க வந்த அவருடைய கை அப்படியே நின்றது.

"பார்த்தேம்மா," என்றார். "பேரு தமிழ்ல எழுதியிருந்துச்சு. வாசிச்சேன். ஒருத்தர் சட்டையக் கழட்டி வீசிக்கிட்டு நின்னாரு."

"உயிரோடயோ?"

"உயிரோடதாம்மா. கத்துனது காதுல விழுந்துச்சு. ஆனா கோட்டுக்கு உங்க பக்கமா நின்னாரு. முந்தின வாரந்தான் எங்க ஊரு போட்டைப் புடிச்சிருந்தாங்க. எல்லாரும் பயந்துட்டோம். அவரு நாட்டுக்காரங்க வந்து தூக்கிப்பாங்கன்னு சொல்லிப் போட்டைத் திருப்பிட்டோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இறாலுக்குத் தாண்டுற கோட்டை ஒரு மனுசனுக்காகத் தாண்ட ஏலாமப் போச்சோ?" என்று சத்தம் போட்டேன். காவலர் என்னை அதட்டினார்.

"அதத்தான்யா நானும் தினம் கேட்டுக்கிறேன்," என்றார் நாகமுத்து. "கண்ண மூடினா அந்தச் சட்டைதான் ஆடுது."

குணேஸ்வரி பணிஸ் பையை அவருடைய மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். என் கடை வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நானா, இதை ஊரில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. தர்சனுக்குச் சொல்லவே வேண்டாம். தெரிஞ்சால் நாளைக்கு அவங்கட ஆக்கள் கடலில தத்தளிச்சாலும் பார்த்துக்கொண்டு வந்திடுவான்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளும் அதை ஊரில் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது அவளைத் தின்றது. கொடியில் காய்கிற சட்டை காற்றில் ஆடினால் பார்க்க முடியாமல் உள்ளே எழுந்து போய்விடுவாளாம். லோஜினி உடுப்பை வீட்டுக்குள்ளேயே காயப்போடத் தொடங்கினாள், காரணம் தெரியாமலே.

இந்த வாடைக் காலத்தில் ஒரு காலை, கடைக்கு மீன் எடுக்க இலங்கைத்துறைக்குப் போயிருந்தேன். தர்சனின் படகு கரைக்கு வந்தது. வலையை இறக்கிக்கொண்டே, பெரிய பகிடி சொல்வது போலச் சொன்னான்.

"வெளியால ஒரு இந்திய வள்ளம் எஞ்சின் நிண்டு தெற்கால இழுபட்டுப் போகுது. ஒருத்தன் நிண்டு கையைக் காட்டினான்."

"ஏத்தினியோ?" என்று நான் கேட்டேன்.

"நான் ஏன் ஏத்துவான்? எங்கட வலையை அறுக்கேக்க அவங்களுக்குக் கண் தெரிஞ்சதோ? நேவி வந்து பார்க்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன் கூடையோடு நின்ற குணேஸ்வரி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவனுடைய சட்டையைப் பிடித்தாள்.

"உன்ர அண்ணனும் அப்பிடித்தான்ரா கையைக் காட்டினவர்! உயிரோட நிண்டு காட்டினவர்! கண்டவங்களும் இப்ப நீ சொன்னதைத்தான் சொல்லிப்போட்டுத் திரும்பிப் போனவங்கள்!"

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தர்சன் என்னைப் பார்த்தான்.

"ஓம் தம்பி," என்றேன். "பக்கத்தில நிண்டு கேட்டனான்."

அவன் வலையைக் கீழே போட்டான். எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினான். சிரித்தவர்களே படகைக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள், இரண்டு பேர் கூடவே ஏறினார்கள். குணேஸ்வரி முழங்கால் தண்ணீரில் நின்றாள். கூப்பிட்டும் கரைக்கு வரவில்லை. நான் வாங்கிய மீனை மறந்துபோனேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் தர்சனின் படகு திரும்பியது, பின்னால் அந்த இந்திய வள்ளத்தை இழுத்துக்கொண்டு. அதில் இடுப்பில் கட்டுகிற ஒரு சாரமும் தண்ணீர்க் கானும் கிடந்தன. ஆள் இல்லை.

தர்சன் இறங்கி அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"ஒருவேளை வேற வள்ளம் கண்டு ஏத்தியிருக்கும், என்ன அண்ணி?"

அவளுடைய முகத்தில் கோபம் இல்லை. அவனுடைய தோளைத் தொட்டாள்.

"இருக்கும் தம்பி. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்."