ஏகாம்பரமும் ஆறு பாதி மூளைகளும்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். "சார், சுமதி பேசுறேன். ஏகாம்பரம் பொண்ணு. அப்பா பூட்டாரு சார். காலைல காப்பி குடிச்சிட்டு ஒக்காந்துகினு இருந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு." அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த வழியே திரும்பினேன். ஆவடியில் ரயில் பிடித்துத் திருநின்றவூர் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். எங்கள் கல்லூரி வாட்ஸ்ஆப் குழுவில் அன்று பகல் முழுக்கக் கைகூப்பும் படங்கள் வந்தபடி இருந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் மூன்று பேர். வராதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அதை நான் மறக்கப்போவதும் இல்லை.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. குமணன்சாவடியைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், உடற்கூறியல் துறையின் பிரேத அறை உதவியாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார் ஏகாம்பரம். தானமாக வரும் உடல்களைப் பதப்படுத்துவது, மண்டையோட்டை அறுத்து மூளையை முழுதாக வெளியே எடுப்பது, மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி அதைக் கெட்டிப்படுத்துவது எல்லாம் அவர் கைவேலை. நான் அதே துறையில் பாடம் நடத்துகிறவன். உடற்கூறியலில் எம்.எஸ்ஸி., பிஎச்.டி. எம்.பி.பி.எஸ். இல்லை. அந்த 'இல்லை' என் வாழ்க்கையில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டது என்பதை என் போன்றவர்கள் அறிவார்கள்.

புதிதாக எடுத்த மூளை எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதைப் படங்களைப் பார்த்துப் படித்தவர்கள் ஊகிக்கவே முடியாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு மூளையை எடுத்து, பதப்படுத்தும் பார்மலின் திரவ வாளியில் அப்படியே இறக்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அடிப்பக்கம் தோசைக்கல்லில் அழுத்தியதுபோலத் தட்டையாகிக் கிடந்தது. ஏகாம்பரம் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, அடைய ஊற வச்சிகீறே?" என்றார். பிறகு இன்னொரு மூளையைக் கவிழ்த்துப் பிடித்து, மூளைத்தண்டின் அடியில் ஓடும் ரத்தக்குழாய்க்குக் கீழே ஒரு நூலை நுழைத்து, நூலின் இரு முனைகளையும் வாளிக் காதில் கட்டினார். மூளை எங்கும் உரசாமல் தலைகீழாக மிதந்தது. "தயிர் மாதிரி சார் இது. தொங்கினு இருந்தாத்தான் ரூபம் நிக்கும்." நூலை இழுத்தால் அந்தக் குழாய் அறுந்துவிடும். அவர் கட்டி அறுந்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஒரு வருடம், உடல்தான உறுதிமொழிப் படிவத்தில் துறை ஊழியர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும், புகைப்படம் எடுக்கப்படும் என்று துறைத் தலைவர் அறிவித்தார். எல்லோரும் வரிசையில் நின்றோம். ஏகாம்பரம் மட்டும் வரவில்லை.

"ஏன் ஏகாம்பரம், நீங்களே மறுத்தா எப்படி?" என்று கேட்டேன்.

"ஊர்ல கீற எல்லாரும் குடுக்கட்டும் சார். நான் மாட்டேன். இங்க இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்க மூளைய நானே எடுக்கறேன். பத்திரமா."

"நீயா? நல்லாத்தான் ஆரம்பிப்பே. தண்டுகிட்ட வர்ச்சொல்ல உனக்குப் பொறுமை பூடும். ஒரே இழுப்பு. எம்மூளை பாதி உள்ளயே நின்னுடும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் பொறுமையைப் பற்றி அவர் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் வலிக்கவும் செய்தது. சொன்னபடியே, புதன்கிழமை ஏரிப்பக்கத்துச் சுடுகாட்டில் அவரை எரித்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மூளையை நடுவே நீளவாக்கில் இரண்டாக வெட்டினால்தான் உள்ளே இருப்பவை தெரியும். இரு பாதிகளையும் இணைக்கும் வெள்ளைப் பாலம், அதன் கீழே முட்டை வடிவத்தில் தாலமஸ், பின்னால் மரம்போலக் கிளைத்த சிறுமூளை. வெட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் ஒரே எண் போட்ட சிறு வில்லைகளைத் தைத்துவிட வேண்டும் என்பது ஏகாம்பரத்தின் சட்டம். பாடம் முடிந்து எரிக்கவோ புதைக்கவோ அனுப்பும்போது, ஒருவருடையது எல்லாம் ஒன்றாகப் போக வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் வந்த நாளில், என்னிடம் பாடம் கேட்ட ஒரு டாக்டர் எனக்கு மேலே போனார். அன்று மதியம் மூன்று மூளைகளை வெட்ட வேண்டியிருந்தது. வில்லை தைக்காமல் வெட்டினேன். மறந்துபோய் அல்ல. யாருக்காகத் தைக்க வேண்டும் என்ற வீம்பில். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் ஆறு பாதிகளையும் ஒரே வாளியில் போட்டுவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, அந்த மூன்று மூளைகளுக்கு உரியவர்களில் ஒருவரான ரோஸ்மேரி டீச்சரின் மகன் வந்தார். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மாணவர்கள் படித்து முடித்ததும் அம்மாவை அப்பாவின் கல்லறையில் சேர்க்க வேண்டும் என்று உடலைக் கொடுக்கும்போதே எழுதி வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம் என்று முடிவானது. வியாழன் காலை நான் துறைத் தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு இடது, ஒரு வலது எடுத்து வைங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அந்த மனிதரோடு நான் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

பெட்டிக்குள் வைக்க ஏதோ இரண்டு பாதிகளை எடுத்தேன். ஏகாம்பரம் குறுக்கே கையை நீட்டினார்.

"எது அந்தம்மாவுது?"

"தெரியல. பட்டியல் வந்த அன்னிக்குக் கோவத்துல..."

"கோவம் உன்னுது சார். மூளை அந்தம்மாவுது. கீழ வை."

அவர் என்னை அப்படி அதட்டியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஆறையும் தட்டில் பரப்பினோம். மூன்று இடது, மூன்று வலது. ஏகாம்பரம் இடது பாதிகளின் நெற்றிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே வந்து ஒன்றில் நிறுத்தினார். நகத்தின் அகலத்துக்கு ஒரு கீறல். "டீச்சரம்மா மண்டைய அறுக்கச்சொல்ல ரம்பம் வழுக்கி உள்ள பட்டுச்சு. நான் பண்ண தப்பு. நோட்டுல எழுதிகீறேன்." நோட்டை எடுத்து வந்து காட்டினார். இடது, முன்பக்கம், ரம்பம் பட்டது, ஏகாம்பரம் என்று கோணல் எழுத்தில் இருந்தது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத தவறு அது.

இடது கிடைத்துவிட்டது. வலது எது? அங்கே என் படிப்பு உதவியது. இரண்டு தாலமஸ்களுக்கும் நடுவே ஒரு சிறு ஒட்டு இருக்கும். வெட்டினால் இரு பக்கமும் அதன் வட்டத் தழும்பு தெரியும். சிலருக்கு அந்த ஒட்டே இருக்காது. ஒரு வலது பாதியில் தழும்பு இல்லை. டீச்சருடைய இடது பாதியில் இருந்தது. அந்த வலதைத் தள்ளி வைத்தேன்.

"பரவால்லயே சார், படிச்சதுக்கு ஒரு வேலை வந்துச்சு" என்றார்.

மீதி இரண்டு. ஒன்றை எடுத்து இடதோடு சேர்த்துப் பிடித்தோம். பாலத்தின் வளைவு பொருந்தியது, ஆனால் சிறுமூளைப் பக்கம் ஜன்னல் வெளிச்சம் ஊடே தெரிந்தது. மற்றதை எடுத்தோம். அன்று கோபத்தில் என் கத்தி சிறுமூளையில் ஒருபக்கமாகச் சாய்ந்து இறங்கியிருந்தது. இடதில் அந்தச் சாய்வு மேடாக இருந்த இடத்தில் வலதில் பள்ளம். ஏகாம்பரம் மெதுவாக அழுத்தினார். இடுக்கே தெரியவில்லை. வெட்டாத மூளை ஒன்று அவர் இரு கைகளுக்குள் இருந்தது.

"போதும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னும் நாலு கீது" என்றார்.

"அவங்க வீட்ல யாரும் கேக்கலையே ஏகாம்பரம்."

"கேக்கலன்னா? அவங்க மூளை அவங்களுது இல்லாம பூடுமா? எழுந்திரு சார்."

அந்த நான்கையும் ஜோடி சேர்த்து, வில்லை தைத்து முடித்தபோது மணி ஐந்து. எது யாருடையது என்று அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அன்று கல்லூரிப் பேருந்தை இருவரும் தவறவிட்டோம். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஆவடி வரைக்கும் வந்தோம். பட்டியல் பற்றி நான் புலம்ப, அவர் வழியெல்லாம் "உம்" கொட்டினார். கடைசியில், "அந்த டாக்டருக்கு மூளைய எடுக்கத் தெரியுமா சார்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப வுடு" என்றார். அதன்பிறகும் நான் விடவில்லை. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு இருவரும் போனோம். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் பெட்டியை இறக்கினார்கள். மகன் ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தயங்கித்தான் கேட்டார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மா முழுசா வந்துட்டாங்களா?"

ஏகாம்பரம் என் பக்கத்தில்தான் நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசா வந்துட்டாங்க" என்றேன், அந்த மகனின் கண்ணைப் பார்த்து.

என் பெயர்ப்பலகையில் இன்றும் பழைய பதவிதான் இருக்கிறது. அதற்குக் காரணமான யாரையும் நான் மன்னிக்கவில்லை. ஏகாம்பரத்திடமிருந்து என்னிடம் இருப்பது, அந்த மகனுக்கு நான் சொன்ன இரண்டு சொற்கள். அவை உண்மையாக இருந்தன.