ஒட்டகத்தின் இரண்டு பாட்டில்கள்

எங்கள் கட்டட வேலையில் கிரேன் ஓட்டும் அண்ணனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டகம். காலையில் முந்நூறு ஏணிப்படி ஏறி கிரேன் உச்சியிலுள்ள இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ஒன்றுக்குப் போக இறங்க வேண்டும். அவர் இறங்கினால் கீழே இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பதினெட்டு வருடமாக இதுதான் அவர் பெருமை. கீழே நின்று வாக்கிடாக்கியில் அவருக்குச் சிக்னல் கொடுக்கும் நானும் பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஒரு நாள் அவருடைய வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பார் என்று நான் தைலத்தை நீட்டினேன். அண்ணி அதைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார். நானும் கூடவே போனேன்.

"இது கவுட். ரத்தத்துல யூரிக் ஆசிட் கூடி, மூட்டுக்குள்ள ஊசி ஊசியா படிஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது மட்டும் காரணம் இல்ல. உடம்பு வாகு, கறி, பீர் எல்லாம் இருக்கு. ஆனா நீங்க தண்ணி குடிக்காம அதுக்குத் தீனி போடறீங்க. வலிக்கு ஒரு மாத்திரை. யூரிக் ஆசிட்டைக் குறைக்க இன்னொண்ணு. அதை வலி இல்லாட்டியும் தினம் போடணும், புரியுதா?"

அண்ணன் நன்றாகத் தலையாட்டினார். பத்து நாளில் வலி போனது. ஒரு மாதத்தில் தினசரி மாத்திரை அலமாரிக்குப் போனது. "வலியே இல்ல, அப்புறம் எதுக்குடா?" என்றார். தண்ணீர் பாட்டிலோ கூண்டு பக்கமே போகவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு முற்பகலில் வாக்கிடாக்கியில் அவர் குரல் கேட்டது. "தம்பி, பாரத்தை இறக்கிட்டேன். என்னால கால ஊன முடியல."

நான் மேலே ஏறினேன். ஒற்றைக் காலும் இரண்டு கையுமாக அவர் இறங்க, ஒரு படி கீழே நின்று அந்த நல்ல காலை ஒவ்வொரு படியிலும் பிடித்து வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

கீழே காத்திருந்த இன்ஜினியர் சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கூண்டுல வேற ஆள்தாண்ணே," என்றார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய அன்று அவர் பையில் தினசரி மாத்திரையோடு இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் தண்ணீர், இன்னொன்று காலி.

"காலி பாட்டில் எதுக்குண்ணே?"

"இறங்கும்போது பாரு."

மதியம் இறங்கினார். தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. மற்றது முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதை மறைக்காமல், இருபது பேர் நடுவே கையில் பிடித்தபடியே கழிப்பறைக்கு நடந்தார். யாரோ சிரித்தார்கள்.

"சிரிங்கடா," என்றார் திரும்பாமலே. "நாளைக்கும் நான்தான் ஏறுவேன்."